அமெரிக்க என்ஜினும் ஜெர்மானிய என்ஜினும்

செகந்திராபாத்தின் மாரேட்பள்ளியிலும் பத்மாராவ் நகரிலும் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்துவரும் தமிழ்க் குடும்பங்களில், மோட்டார் வண்டியைப் பற்றிய பேச்சு முன்னாட்களில் வாங்குவதா வேண்டாமா என்பதோடு முடிந்துவிடும். இன்று நிலைமை வேறு. வீட்டிலுள்ள இளைஞர் மாதாப்பூரில் கம்ப்யூட்டர் கம்பெனியொன்றில் நல்ல ஊதியம் பெறுகிறார். அமெரிக்க வண்டியின் எட்டு சிலிண்டர் என்ஜின் உயர்ந்ததா, ஜெர்மானிய வண்டியின் ஆறு சிலிண்டர் என்ஜின் உயர்ந்ததா என்று நண்பர்களோடு வாதிடுகிறார். தந்தையார் அதனைக் காதில் வாங்கிக்கொண்டும் வாங்காமலும் இருக்கிறார். ஆனால் கடன் பத்திரத்தில் அவரும் கையெழுத்திட வேண்டிவரும். ஒரு வீட்டின் விலைக்குச் சமமான தொகையைக் கொண்டுபோய் ஓர் இயந்திரத்தில் போடுவதற்கு முன்னால், அவ்வியந்திரம் என்ன செய்கிறது, எதற்காக அவ்வாறு அமைக்கப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லதல்லவா? அந்த அளவில் இந்தப் பேச்சு பயன்படுமானால் நமக்கு மகிழ்ச்சியே.

பெட்ரோல் என்ஜினைப் பற்றி முதலில் மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அது பெட்ரோலை உண்பதைவிட மிகுதியாகக் காற்றை உண்ணுகிறது. ஒரு கிராம் பெட்ரோல் முழுவதும் எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். கன அளவில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய ஒன்பதாயிரம் லிட்டர் காற்று! பெட்ரோலை வேண்டிய அளவு உள்ளே செலுத்துவது எளிது. அதற்கேற்ற காற்றை உள்ளே கொண்டுவருவதுதான் கடினம். ஆகவே ஓர் என்ஜினின் சக்தியைப் பெருக்குவது என்பது, அதனை அதிகக் காற்றை உட்கொள்ளச் செய்வதுதான். இதற்கு வழிகள் மூன்றே. சிலிண்டர்களைப் பெரியனவாக்கி ஒவ்வொரு மூச்சையும் பெரிதாக்கலாம். மூச்சு சிறிதாயினும் அடிக்கடி விடும்படி என்ஜினை வேகமாகச் சுழற்றலாம். அல்லது பஞ்சை அழுத்திப் பொதி கட்டுவதுபோல் காற்றை அழுத்தித் திணிக்கலாம். அமெரிக்கர் முதல் வழியையும், ஜெர்மானியர் முதலில் இரண்டாவது வழியையும் பின்னர் மூன்றாவது வழியையும் பெரிதும் கைக்கொண்டனர் என்று சொன்னால் பொதுவாகத் தவறாகாது.

இங்கே இரண்டு சொற்களை வேறுபடுத்திக் காட்ட வேண்டும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு அவை இரண்டும் ஓயாத தொல்லை தருபவை. ஒன்று குதிரைச் சக்தி. மற்றொன்று முறுக்குத் திறன். விளம்பரங்கள் இரண்டையும் அருகருகே அச்சிட்டு வாசகரைத் திகைக்கவைக்கின்றன. நம் ஊர்க் கிணறுகளை நினைத்துக்கொண்டால் திகைப்பு நீங்கிவிடும். கவலை இறைக்கும் எருதுகள் பெரிய சாலை மெதுவாக இழுத்துக் கொண்டுவந்து கொட்டுகின்றன. ஏற்றத்தில் நிற்பவர் சிறிய சாலை விரைவாக இறக்கி ஏற்றுகிறார். ஒரு முறைக்கு எவ்வளவு பளு இழுக்கப்படுகிறது என்பது முறுக்குத் திறனைப் போன்றது. ஒரு நாழிகையில் வாய்க்காலில் பாய்ந்த நீர் எவ்வளவு என்பது குதிரைச் சக்தியைப் போன்றது. பெரிய சாலை மெதுவாக இழுத்தாலும், சிறிய சாலை விரைவாக இழுத்தாலும் வாய்க்காலில் பாயும் நீர் ஒன்றாகவே இருக்கக்கூடும். ஆனால் இறைப்பவருக்கு இரண்டும் ஒன்றல்ல. ஓட்டுபவருக்கும் அப்படியே.

அமெரிக்காவில் பெரிய சால் ஏன் வழக்கத்திற்கு வந்தது? அந்நாட்டில் பெட்ரோல் மலிவு; நிலம் விரிந்தது; சாலைகள் நேரானவை; என்ஜினின் பருமனைக் கொண்டு ஆண்டு வரி விதிக்கும் வழக்கம் நாடளாவி வேரூன்றவில்லை. 1932-இல் ஹென்றி ஃபோர்டு எட்டு சிலிண்டர்களை இரு வரிசையாகச் சாய்த்து, ஒரே வார்ப்பாக வார்த்தெடுத்த என்ஜினைச் சாமானியர் வாங்கக்கூடிய விலையில் விற்றார். அதன் கொள்ளளவு 3.6 லிட்டர், சக்தி 65 குதிரை. அதற்கு முன்பு எட்டு சிலிண்டர் என்பது செல்வர்களின் உடைமை. 1955-இல் ஷெவர்லே நிறுவனம் எட் கோல் என்னும் பொறியாளரின் தலைமையில் 4.3 லிட்டர் என்ஜின் ஒன்றை வெளியிட்டது. வார்ப்பு மெல்லியது, எடை குறைந்தது, பாகங்கள் எளியன. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த என்ஜின்கள் 2011-ஆம் ஆண்டுக்குள் பத்துக் கோடி வார்க்கப்பட்டுவிட்டன என்றால், அமெரிக்க வாழ்க்கையில் அதற்குள்ள இடத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

1964-இல் பான்டியாக் நிறுவனம் நடுத்தர அளவுள்ள வண்டியொன்றில் 6.4 லிட்டர் என்ஜினைப் பொருத்தி ஜி.டி.ஓ. என்று பெயரிட்டது. இளைஞர்கள் மொய்த்தனர். கிரைஸ்லர் நிறுவனம் பந்தயத்திற்கென்று செய்த 7 லிட்டர் 'ஹெமி' என்ஜினை 1966 முதல் சாதாரண வண்டிகளிலும் வைத்தது. விளம்பரத்தில் அதற்கு 425 குதிரைச் சக்தி. இந்த விளம்பரத்துக் குதிரைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்நாட்களில் அமெரிக்காவில் என்ஜினை வண்டியிலிருந்து எடுத்து, மின்னாக்கி, புகைக்குழாய் முதலிய சுமைகளைக் கழற்றிவிட்டுச் சக்தியை அளந்தார்கள். ஜெர்மனியிலோ அச்சுமைகளோடு அளந்தார்கள். 1972-ஐ ஒட்டித்தான் அமெரிக்கரும் சுமைகளோடு அளக்கத் தொடங்கினர். அவ்வாண்டில் பல வண்டிகளின் சக்தி ஒரே இரவில் குறைந்துபோனதாகக் காட்சியளித்ததற்கு இதுவும் ஒரு காரணம். பழைய அமெரிக்க எண்ணையும் ஜெர்மானிய எண்ணையும் அப்படியே ஒப்பிட்டு வாதிடுபவர், பட்டணம் படியையும் வேறொரு ஊர்ப் படியையும் ஒன்றென்று எண்ணி நெல் அளப்பவரைப் போன்றவர்.

அமெரிக்கரின் விருப்பமான பந்தயம் கால் மைல் நேர்ச்சாலையில் நின்ற இடத்திலிருந்து புறப்பட்டு ஓடுவது. வளைவில்லை, நீடித்த ஓட்டமுமில்லை. புறப்படும் கணத்தில் கிடைக்கும் உந்தலே வெற்றியைத் தீர்மானிக்கும். பெரிய கொள்ளளவு உடைய என்ஜின் குறைந்த சுழற்சியிலேயே அவ்வுந்தலைத் தந்துவிடுகிறது. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. 1974-இல் நாடு முழுவதும் மணிக்கு 55 மைல் என்ற வேக வரம்பு விதிக்கப்பட்டது. மாபெரும் என்ஜின்கள் பல மறைந்தன. ஆயினும் எட்டு சிலிண்டர்மீது அம்மக்களுக்கிருந்த பற்று மறையவில்லை.

ஜெர்மனியின் கதை வேறு. பெட்ரோல் என்ஜினின் நான்கு வீச்சு முறையை 1876-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நிக்கோலாஸ் ஓட்டோவும், 1886 ஜனவரி 29-ஆம் நாள் மோட்டார் வண்டிக்கு உரிமைப் பத்திரம் கோரிய கார்ல் பென்ஸும் அந்நாட்டினரே. ஆனால் அங்கே பெட்ரோல் விலை மிகுதி. கார் வரி நெடுங்காலம் என்ஜின் கொள்ளளவைக் கொண்டே விதிக்கப்பட்டு வந்தது. 2009-இலிருந்து புகையிலுள்ள கரியமில வாயுவின் அளவும் வரிக்கணக்கில் சேர்க்கப்பட்டது. கொள்ளளவுக்கு வரி என்றால், சிறிய கொள்ளளவிலிருந்து பெரிய சக்தியைப் பிழிந்தெடுப்பவனே கெட்டிக்காரன். அதோடு, ஆட்டோபான் என்னும் நெடுஞ்சாலைகளின் பல பகுதிகளில் கட்டாய வேக வரம்பு கிடையாது. மணிக்கு 130 கிலோமீட்டர் என்பது 1978 முதல் ஒரு பரிந்துரை மாத்திரமே.

வேகத்திற்கு வேண்டிய சக்தியைக் கணக்கிட்டால் இதன் பொருள் விளங்கும். ஒரு நடுத்தர வண்டி சமதரையில் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓட 25 அல்லது 30 குதிரைச் சக்தி போதும். காற்றை எதிர்த்துச் செல்ல வேண்டிய சக்தி, வேகம் இரட்டித்தால் எட்டு மடங்காகப் பெருகும். எனவே அதே வண்டி 240 கிலோமீட்டரில் ஓட 150 குதிரைக்கு மேல் வேண்டும். அதையும் ஒரு கணம் அல்ல, பல நிமிடங்கள் இடைவிடாமல் தரவேண்டும். எண்ணெய் கொதிக்கக்கூடாது, வால்வு உருகக்கூடாது. ஜெர்மானியப் பொறியாளர்கள் குளிர்விப்பிலும் எண்ணெய்ச் சுற்றிலும் காட்டிய கவனத்திற்குக் காரணம் இந்தச் சாலைதான். 1927-இல் திறக்கப்பட்ட நூர்பர்க்ரிங் பந்தயச் சாலையும் ஒரு காரணம். மலைக்காட்டில் இருபது கிலோமீட்டருக்கு மேல் வளைந்து வளைந்து செல்லும் அச்சாலையில், கால் மைல் வீரத்திற்கு மதிப்பு அதிகமில்லை.

ஆதலால் ஜெர்மானிய நிறுவனங்கள் நெடுநாள் என்ஜினை வேகமாகச் சுழற்றும் வழியில் சென்றன. பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் எம்-3 வண்டி 1986-இல் வெளிவந்தபோது அதில் நான்கே சிலிண்டர்கள், 2.3 லிட்டர். 2005-இன் எம்-5 வண்டியில் பத்து சிலிண்டர், 5 லிட்டர் என்ஜின் 507 குதிரைச் சக்தியை நிமிடத்திற்கு 7,750 சுற்றில் தந்தது. இப்படிச் சுழல வேண்டுமானால் வால்வுகளைத் திறந்து மூடும் அமைப்பு மிக இலேசானதாக இருக்க வேண்டும். இங்கேதான் இரு நாட்டு என்ஜின்களின் உள்ளமைப்பு வேறுபடுகிறது.

அமெரிக்க முறையில், வால்வுகளை இயக்கும் கேம் தண்டு என்ஜினின் நடுவயிற்றில் ஒன்றே ஒன்று கிடக்கும். அதிலிருந்து நீண்ட கம்பிகள் மேலே சென்று, நெம்புகோல்களைத் தட்டி வால்வுகளைத் திறக்கும். ஜெர்மானிய முறையில் ஒவ்வொரு சிலிண்டர் வரிசையின் தலையிலும் இரண்டு கேம் தண்டுகள் அமர்ந்து, வால்வுகளை அருகிலிருந்தே இயக்கும். சிலிண்டர் ஒன்றுக்கு இரண்டு வால்வுகளுக்குப் பதிலாக நான்கு. மூச்சு தாராளமாகும், சுழற்சி உயரும். இதைக் கண்டு அமெரிக்க முறை பழமையானது என்று இகழ்பவர் உண்டு. அவ்விகழ்ச்சி பொருந்தாதென்பது நம் கருத்து. தலையில் நான்கு தண்டுகளைச் சுமக்காததால், அமெரிக்க என்ஜின் உயரத்திலும் அகலத்திலும் ஒடுங்கியிருக்கிறது. கொள்ளளவு 6.2 லிட்டர் என்று கேட்டு மலைப்பவர், அதன் வெளி உருவத்தைப் பார்த்தால் வியப்படைவர். பாகங்கள் குறைவு என்பதால் பழுது பார்ப்பதும் எளிது. 2020-இன் கார்வெட் வண்டி இந்தப் பழைய முறையிலேயே 495 குதிரைச் சக்தியைத் தந்தது.

மூன்றாவது வழியான டர்போவுக்கு வருவோம். புகைக்குழாயில் வீணே வெளியேறும் சூடான வாயுவைக் கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரத்தால் வெளிக்காற்றை அழுத்தி சிலிண்டருக்குள் தள்ளுவதே டர்போ. 1905-இல் இதற்கு உரிமைப் பத்திரம் பெற்ற ஆல்ஃபிரட் பூகி சுவிட்சர்லாந்து நாட்டவர். 1973-இல் பி.எம்.டபிள்யூ. இதனை 2 லிட்டர் வண்டியில் பொருத்தி 170 குதிரைச் சக்தி பெற்றது. எண்ணெய் நெருக்கடி வந்து சேர்ந்த நேரம் அது; ஆகையால் 1,672 வண்டிகளோடு அம்முயற்சி நின்றது. அடுத்த ஆண்டே போர்ஷே தன் 911 டர்போவைப் பாரிஸ் கண்காட்சியில் வைத்தது. அக்கால டர்போவில் ஒரு குறை இருந்தது. மிதியை அழுத்தியபின் சக்கரம் வேகம் பிடிக்கும் வரையில் ஒன்றும் நிகழாது. பின்பு எல்லாம் ஒரேயடியாக நிகழும். இன்று சிறு சக்கரங்களும், மின்னணுக் கட்டுப்பாடும், பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் முறையும் அக்குறையைப் பெரும்பாலும் போக்கிவிட்டன.

இதன் உச்சத்தைக் காண வேண்டுமானால் அஃபால்டர்பாக் என்னும் சிற்றூரிலுள்ள ஏ.எம்.ஜி. தொழிற்சாலையை நோக்க வேண்டும். மெர்சிடஸ் நிறுவனத்தை விட்டு வெளிவந்த இரு பொறியாளர்கள் 1967-இல் தொடங்கிய கூடம், இப்போது அதே நிறுவனத்தின் பகுதியாகிவிட்டது. ஓர் என்ஜினை ஒரே தொழிலாளி தொடக்கம் முதல் முடிவுவரை கோர்த்து, தம் கையொப்பமிட்ட தகட்டை அதன்மேல் பதிப்பது அங்கே மரபு. 2019-இல் அங்கு செய்யப்பட்ட 2 லிட்டர், நான்கு சிலிண்டர் என்ஜின் 421 குதிரைச் சக்தி தந்தது. லிட்டருக்கு 210 குதிரை! முன்பு சொன்ன கார்வெட் என்ஜினில் லிட்டருக்கு 80 தான். ஆனால் லிட்டருக்கு எவ்வளவு என்ற கணக்கு வரி செலுத்துபவனின் கணக்கு. வண்டி லிட்டர்களைச் சுமந்து செல்வதில்லை; எடையைச் சுமந்து செல்கிறது. வரியில்லாத நாட்டில் இக்கணக்கினால் ஒருவன் கண்ட லாபம் என்ன?

நம் நாட்டிற்கு வந்த இரண்டு வண்டிகளையே ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஃபோர்டு நிறுவனத்தின் மஸ்டாங் 2016-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. எட்டு சிலிண்டர், 5 லிட்டர், டர்போ இல்லை. சக்தி 401 குதிரை; முறுக்குத் திறன் 515 நியூட்டன் மீட்டர், அதுவும் நிமிடத்திற்கு 4,250 சுற்றில். பி.எம்.டபிள்யூ. எம்-340-ஐ என்னும் வண்டி 2021-இல் வந்தது. ஆறு சிலிண்டர், 3 லிட்டர், டர்போ உண்டு. சக்தி 387 குதிரை. முறுக்குத் திறன் 500. இது 1,900 சுற்றிலேயே தொடங்கி 5,000 சுற்று வரை நீடிக்கும். எண்களில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. இரண்டு லிட்டர் வேறுபாட்டை டர்போ ஈடுசெய்துவிட்டது. ஆனால் முறுக்குத் திறன் கிடைக்கும் இடத்தைக் கவனியுங்கள். குறைந்த சுழற்சியில் உந்தல் என்பது அமெரிக்க என்ஜினின் பிறவிக்குணம் என்று எண்ணியிருந்தோம். இங்கே ஜெர்மானிய என்ஜின் அதைப் பறித்துக்கொண்டுவிட்டது! மஸ்டாங்கின் இந்த என்ஜினிலும் கேம் தண்டுகள் தலையின் மேல்தான் உள்ளன. சிலிண்டருக்கு நான்கு வால்வுகள். பெயரளவில் அமெரிக்கப் பரம்பரையாயினும் பழக்கத்தில் பாதி ஐரோப்பியம்.

இனி இவ்விரண்டையும் செகந்திராபாத்திற்கு அழைத்து வருவோம். ரயில் நிலையப் பெயர்ப் பலகைகளில் கடல் மட்டத்திற்கு மேல் எவ்வளவு உயரம் என்று குறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நம்மில் பலர் அதனைப் படிப்பதோடு சரி. இந்நகரம் சுமார் 540 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி, சென்னைக் கடற்கரையில் உள்ளதைவிட நூற்றுக்கு ஐந்து பங்கு குறைவு. மே மாதத்தில் வெப்பம் 42 டிகிரியைத் தொடும்போது, 25 டிகிரியில் இருந்ததைவிட மேலும் ஐந்து பங்கு குறைகிறது. காற்றை உண்டு வாழும் இயந்திரத்திற்கு இது பத்தில் ஒரு பங்கு பட்டினி. டர்போ இல்லாத 5 லிட்டர் என்ஜின், மே மாதத்து நண்பகலில் பாரடைஸ் சந்திப்பில் 4.5 லிட்டர் என்ஜினைப் போலவே மூச்சு விடும். சாலையில் இதனை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. விற்பவர் சொல்ல மாட்டார்.

டர்போ உள்ள என்ஜின் உயரக் குறைவைச் சமாளித்துக்கொள்ளும். சக்கரம் சற்று வேகமாகச் சுழன்று, குறைந்த காற்றை அழுத்தி நிறைத்துவிடும். வெப்பத்தை அவ்வாறு சமாளிக்க முடிவதில்லை. அழுத்தப்பட்ட காற்று தானே சூடேறும்; அதனைக் குளிர்விக்க வண்டியின் முன்புறம் ஒரு குளிர்விப்பான் உண்டு; அக்குளிர்விப்பானைக் குளிர்விக்க வரும் காற்றே 42 டிகிரியில் வருகிறது. அதிலும் போக்குவரத்து நெரிசலில் வண்டி நின்றுகொண்டிருந்தால் அந்தக் காற்றும் இல்லை. சூடான காற்றும் பெட்ரோலும் சேர்ந்தால் பொறியின் சுடர் பரவி வந்து சேர்வதற்கு முன்பே ஆங்காங்கே வெடிக்கும் போக்கு ஏற்படும். என்ஜினிலுள்ள உணர்கருவி இந்தத் தட்டலைக் கேட்டதும், பொறி தட்டும் நேரத்தைத் தள்ளிவைத்துச் சக்தியைக் குறைத்துவிடும். என்ஜின் பிழைக்கும், ஆனால் விலைப்பட்டியலில் கண்ட குதிரைகளில் சில லாயத்திலேயே நின்றுவிடும்.

எரிபொருளும் இதில் பங்குகொள்கிறது. ஜெர்மனியில் உயர்தரப் பெட்ரோலின் ஆக்டேன் எண் 98. அதனை எதிர்பார்த்தே பல என்ஜின்கள் அமைக்கப்படுகின்றன. அமெரிக்கப் பெட்ரோல் நிலையங்களில் 91, 93 என்று எழுதியிருப்பதைக் கண்டு அது தாழ்ந்தது என்று எண்ணிவிடக் கூடாது. அங்கே அளக்கும் முறை வேறு. நம் கணக்கில் அது 95-க்கு மேல் வரும். நம் நாட்டில் 2025-ஆம் ஆண்டிலிருந்து நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் எங்கும் வழக்கத்திற்கு வந்துவிட்டது. எத்தனால் தட்டலைத் தடுக்கும் குணமுடையது, அது நன்மை. ஆனால் லிட்டருக்கு லிட்டர் அதன் எரிசக்தி பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்கே. அதனால் ஒரு லிட்டருக்கு ஓடும் தூரம் சற்றுக் குறையும். பழைய வண்டியொன்றை இரண்டாம் கையாக வாங்குபவர், அதன் ரப்பர்க் குழாய்களும் பெட்ரோல் பம்பும் இக்கலவைக்கு ஏற்றவைதாமா என்று கேட்டறிந்துகொள்வது மிக அவசியம். உயர்ரக வண்டிகளுக்கு இது இன்னும் பொருந்தும். உதிரி பாகம் கப்பலேறி வர வேண்டியிருக்கும்.

சாலையோ? ஹைதராபாத்தைச் சுற்றி 158 கிலோமீட்டர் நீளத்திற்கு எட்டு வழி வெளிவட்டச் சாலை இருக்கிறது. அங்கே அனுமதிக்கப்பட்ட உயர்ந்தபட்ச வேகம் 2023 முதல் மணிக்கு 120 கிலோமீட்டர். அவ்வேகத்திற்கு 30 குதிரை போதும் என்று மேலே கண்டோம். மலை ஏறவும், லாரியைத் தாண்டவும் நூறு குதிரை வைத்துக்கொள்வோம். மீதி முந்நூறு குதிரைகள் எதற்கு? சட்டத்திற்கு உட்பட்டு அவற்றை அவிழ்த்துவிட இந்நகரில் இடமில்லை. அவிழ்த்துவிட்டவர்களின் செய்தி அவ்வப்போது பத்திரிகையில் வருகிறது. அதிலே பெரும்பாலும் வண்டியின் பெயரும் ஓட்டியவரின் வயதும் இருக்கும். வாதத்தில் ஈடுபடும் இளைஞர்கள் என்ஜினைப் பற்றிப் பேசும் நேரத்தில் பாதியை பிரேக்கைப் பற்றியும் டயரைப் பற்றியும் பேசினால் நன்றாக இருக்கும் என்று நமக்குத் தோன்றுவதுண்டு. தந்தையார் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

2023 பிப்ரவரி 11-ஆம் நாள் உசேன் சாகர் ஏரிக்கரையில் மிகவேக வண்டிகள் ஓடத்தான் செய்தன. ஃபார்முலா-ஈ என்னும் மின்சாரக் கார் பந்தயம் இந்தியாவில் முதன்முறையாக அங்கே நடைபெற்றது. எட்டு சிலிண்டரும் இல்லை, ஆறு சிலிண்டரும் இல்லை. அவற்றில் ஆண்ட்ரெட்டி என்ற அமெரிக்கக் குழுவின் வண்டியை இயக்கியது ஜெர்மானியப் போர்ஷே நிறுவனத்தின் மின் இயக்கி. அவ்வாண்டின் ஓட்டுநர் பட்டமும் அக்குழுவின் ஜேக் டென்னிஸ் என்பவருக்கே கிடைத்தது. நம் இளைஞர்களின் வாதம் அங்கே வலுவிழந்துபோயிற்று என்று சொல்ல வேண்டும். பெட்ரோல் வண்டிகளிலும் எல்லைக்கோடு அழிந்துகொண்டுதான் வருகிறது. 2023-இன் கார்வெட் இசட்-06 வண்டியில் அமெரிக்கர், தலைமேல் கேம் தண்டுகளை வைத்து நிமிடத்திற்கு 8,600 சுற்று வரை செல்லும் 5.5 லிட்டர் என்ஜினைப் பொருத்தி, டர்போ இன்றியே 670 குதிரை பெற்றனர். ஜெர்மானியர் கைவிட்ட வழி அது. மறுபுறம் மெர்சிடஸ் நிறுவனம் 2022-இல் தன் சி-63 வண்டியில் எட்டு சிலிண்டரை நீக்கி, நான்கு சிலிண்டரோடு மின் இயக்கியைச் சேர்த்து 680 குதிரை என்று அறிவித்தது. எண் உயர்ந்தது, ஆனால் பழைய என்ஜினின் முழக்கத்தை விரும்பியவர்கள் திருப்தியடையவில்லை. காதுக்கும் ஒரு நியாயம் உண்டு போலும்!

வரி என்ஜினின் உருவத்தை நிர்ணயிக்கும் என்பதற்கு ஜெர்மனிவரை போக வேண்டியதில்லை. 2006-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் நம் அரசு, நான்கு மீட்டருக்கு உட்பட்ட நீளமும், பெட்ரோலானால் 1,200 கன சென்டிமீட்டர், டீசலானால் 1,500 கன சென்டிமீட்டர் வரையிலான கொள்ளளவும் உடைய வண்டிகளுக்கு வரிச்சலுகை அளித்தது. 2025 செப்டம்பரில் வரி விகிதங்கள் மாறி, சிறு வண்டிக்கு நூற்றுக்கு 18, பெரிய வண்டிக்கு 40 என்று ஆனபோதும் அந்த எல்லை அப்படியே நின்றது. ஆகவேதான் நம் தெருக்களில் மூன்று சிலிண்டரும் டர்போவும் கொண்ட ஒரு லிட்டர் என்ஜின்கள் பெருகியிருக்கின்றன. பெரிய என்ஜினுக்குப் பேர்போன ஃபோர்டு நிறுவனமே தன் ஐரோப்பியப் பொறியாளர்கள் வடித்த ஒரு லிட்டர் டர்போ என்ஜினை 2013-இல் இங்கு எக்கோஸ்போர்ட் வண்டியில் விற்றது. பிற்பாடு, 2018 முதல், அவ்வண்டி சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கே கப்பலேறியது. எட்டு சிலிண்டர் நாட்டிற்கு மூன்று சிலிண்டரை அனுப்பிவைத்தவர்கள் மறைமலை நகர்த் தொழிலாளர்கள்!

மறைமலை நகர் என்றதும் ஊர் நினைவு வருகிறது. சென்னையிலிருந்து தெற்கே செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில் (வரிக்கும் சாலைக்கும் ஒரே சுருக்கப் பெயர் வாய்த்தது நம் போன்ற மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு சங்கடம்) அந்த ஊரைக் கடந்து சிறிது தூரம் சென்றால் மகேந்திரா சிட்டி வரும். அங்கே 2007 முதல் பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலை நடந்துவருகிறது. நாம் மேலே ஒப்பிட்ட எம்-340-ஐ வண்டி கோர்க்கப்பட்டது அங்கேதான். அந்நிறுவனத்திற்கான என்ஜின்களைக் கோர்க்க ஃபோர்ஸ் மோட்டார்ஸ் கம்பெனி 2015-இல் சென்னையில் ஒரு கூடம் திறந்தது. ஆக, ஜெர்மானிய என்ஜினைக் கோர்க்கும் கைகள் நம் பக்கத்துக் கைகளாகவும் இருக்கின்றன.

அமெரிக்க நிறுவனத்தின் கதை அவ்வளவு சீராக நடக்கவில்லை. ஃபோர்டு, இந்தியாவில் வண்டி செய்வதை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. மறைமலை நகரில் 2022-ஆம் ஆண்டின் நடுவில் கடைசி வண்டி வெளிவந்தது. என்ஜினில் குறையில்லை, வேலையாட்களின் கைத்திறனிலும் குறையில்லை, கணக்குப் புத்தகத்தில்தான் குறை. அத்தொழிற்சாலையை நம்பி வீடு கட்டியவர்களும், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தவர்களும் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. வேலை தேடி ஊர் விட்டு வந்த நம் போன்றவர்களுக்கு இதன் பாரத்தை விளக்க வேண்டுவதில்லை. அந்தத் தொழிற்சாலை மூன்று ஆண்டுகளுக்கு மேல் பூட்டிக் கிடந்தது. 2025 அக்டோபர் இறுதியில் ஃபோர்டு நிறுவனமும் தமிழ்நாடு அரசும் புதிய உடன்பாடு ஒன்று செய்துகொண்டன. 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் அங்கே மீண்டும் வேலை தொடங்கும். இம்முறை முழு வண்டிகள் அல்ல, என்ஜின்கள் மட்டும். ஆண்டுக்கு 2,35,000 என்ஜின்கள் என்றும், உற்பத்தி 2029-இல் தொடங்கும் என்றும் அறிவிக்கப்பட்டிருக்கிறது.